இறால் உண்டது இலையா?

ஜெஞ்சாரோமிலிருந்து கிள்ளான் நோக்கிச் செல்லும் சாலையில் தெலுக் பங்லிமா காராங்கை அடைந்து மேற்கே திரும்பினால், லங்காட் ஆற்றைக் கடந்து கேரித் தீவுக்குச் செல்லும் பாலம் வரும். அங்கு நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு பச்சைகள் தென்படும். ஆற்றோரமாக, சேற்றில் வேரூன்றி நிற்கும் கரும்பச்சைக் கோடு ஒன்று. அதற்குப் பின்னால், கடல்நீர் புகாதபடி எழுப்பிய மண்கரைக்கு அப்பால், வரிசை வரிசையாகச் செம்பனை. முதற்பச்சையை மலாய் மொழியில் பாக்காவ் என்பர். தமிழில் அதற்கு அலையாத்தி என்றும் கண்டல் என்றும் பெயருண்டு. கண்டல் சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்திலேயே நிற்கும் சொல். அலையாத்தி என்பது அலையை ஆற்றுவது, தணிப்பது என்னும் பொருளுடையது. அந்த மெல்லிய கோட்டைப் பற்றியும், அதன் காலடியில் வாழும் இறாலையும் நண்டையும் பற்றியும் அறிவியல் எவ்வாறு ஒரு கேள்வியை எழுப்பி, விடை கண்டு, அவ்விடையால் தானே சங்கடப்பட்டது என்பதே இப்பொழிவின் பொருள்.

நூறாண்டுகளுக்கு முன் இக்கரையில் வாழ்ந்தோர்க்குக் கண்டற்காடு என்றால் காய்ச்சல் என்றே பொருள். 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே தொழிலாளரும் அலுவலரும் மலேரியாவால் வீழ்ந்தனர்; துறைமுகத்தையே மூடிவிடும் நிலை உண்டாயிற்று. கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பை வெட்டி வடிகாலிட்டுக் கொசுவை ஒழிக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். அவர் சொன்னபடி செய்தனர், நோய் குறைந்தது. வெப்பமண்டல மருத்துவ வரலாற்றில் அது ஒரு பெரும் வெற்றி. அவ்வெற்றியின் பயனை அடைந்தோரில் தோட்டங்களிலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழரும் அடங்குவர். ஆகவே, கண்டற்காட்டை அழித்தவர் அனைவரும் பேராசைக்காரர் என்று இன்றிருந்துகொண்டு தீர்ப்பெழுதுவது முறையாகாது. அக்காலத்தில் அக்காட்டின் பக்கம் நின்று பேசுவதற்கு எவரிடமும் ஒரு வலுவான வாதம் இல்லை. விறகும் கரியும் தரும் என்பது ஒன்றே அதன் பெருமை; பேராக்கின் மாத்தாங் காடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அதற்காகப் பேணப்பட்டது.

வலுவான வாதம் வேறொரு கடலோரத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து உப்புச் சதுப்புப் புல்வெளிகளை ஆராய்ந்த ஜான் டீல் என்பவர், அப்புல்வெளிகள் விளைவிக்கும் உணவில் கணிசமான பகுதி அங்கேயே உண்ணப்படாமல் எஞ்சுகிறது என்று 1962இல் கணக்கிட்டார். எஞ்சியது எங்கே போகிறது? கடலுக்குத்தான் போக வேண்டும் என்று கருதினர். யூஜீன் ஓடம் 1968இல் இக்கருத்துக்கு ஒரு வடிவம் தந்தார்: கரையோரச் சதுப்பு, தன் செழிப்பை ஏற்றவற்றத்தோடு கடலுக்குள் வார்த்து அங்குள்ள மீன்வளத்தை ஊட்டுகிறது. அவருடைய மகன் வில்லியம் ஓடமும், எரிக் ஹீல்டும் புளோரிடாவின் கண்டற்காடுகளில் இதையே கண்டதாக எழுதினர். உதிர்ந்த இலை மட்குகிறது. மட்கிய துகளின்மேல் நுண்ணுயிர் படர்கிறது. அதைச் சிறு நண்டும் இறாலும் உண்கின்றன. அவற்றை மீன் உண்கிறது. மீனை மனிதன் உண்கிறான். இலையில் தொடங்கி நம் சட்டியில் முடியும் அழகிய சங்கிலி.

அழகாக இருந்ததனால் அது விரைந்து பரவியது. 1977இல் டர்னர் என்பவர், கரையோரத் தாவரப் பரப்பு மிகுந்த இடங்களில் இறால் பிடிப்பும் மிகுதியாக இருப்பதை உலகின் பல பகுதிப் புள்ளிகளைக் கொண்டு காட்டினார். அதே ஆண்டில் மார்த்தோசுப்ரோத்தோ, நாமின் ஆகிய இருவரும் இந்தோனேசியாவில் கண்டற்பரப்புக்கும் இறால் பிடிப்புக்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தனர். கண்டலைக் காக்க விரும்பியோர்க்கு இவை பெருந்துணையாயின. ‘காட்டை வெட்டினால் மீனவன் பட்டினி கிடப்பான்’ என்ற வாசகத்தை அமைச்சரும் விளங்கிக்கொள்வர், மீனவரும் விளங்கிக்கொள்வர். ஆயினும் இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றாகிவிடாது. பெரிய கழிமுகங்களில் கண்டலும் மிகுதி, ஆழமற்ற சேற்றுநிலமும் மிகுதி, ஆறு கொணரும் உரமும் மிகுதி. இறால் இவற்றுள் எதனைத் தேடி வந்தது என்பதை அந்தக் கோடுகளும் புள்ளிகளும் சொல்லவில்லை.

இறாலின் வயிற்றைப் பிளந்து பார்த்தால் தெரியாதா என்று மாணவர் கேட்கலாம். பார்த்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஏ. சசேகுமாரும் சோங் விங் சிங்கும் வெள்ளை இறாலின் உணவைப் பற்றிய ஆய்வை 1981இல் வெளியிட்டனர். சசேகுமார் அதற்கு முன்பே இக்கரையின் கண்டற்சேற்றில் நத்தையும் நண்டும் எவ்வெந்த உயரத்தில் எவ்வாறு பரவியுள்ளன என்று அளந்து எழுதியவர். 1974இல் வெளிவந்த அக்கட்டுரை மலேசியக் கண்டல் ஆய்வின் அடித்தளங்களுள் ஒன்று. ஆனால் வயிற்றை ஆராயும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. இறால் தன் உணவை அரைத்துக் கூழாக்கிவிடுகிறது. நுண்ணோக்கியின் கீழ் அடையாளம் தெரிவது ஓடும் முள்ளும் போன்ற கடினப் பொருள்களே. மீதி, உருவமற்ற மட்கு. அந்த மட்கு கண்டலின் இலையா, கடலின் பாசியா, சேற்றின் மேற்படர்ந்த நுண்பாசியா என்று எந்தக் கண்ணாலும் பிரித்தறிய இயலாது. மேலும், வயிற்றில் இருப்பதெல்லாம் உடலாவதில்லை. விழுங்கிய இலைத்துகள் செரியாமலே வெளியேறியிருக்கலாம். எதை உண்டது என்பதைவிட எதனால் ஆனது என்பதே உண்மையான கேள்வி.

அக்கேள்விக்கு விடை சொல்ல ஒரு கருவி, வேறொரு துறையில் ஏற்கெனவே உருவாகியிருந்தது. அதன் பெயரிலிருந்து தொடங்குவது நலம். ஒரே தனிமத்தின் அணுக்கள் நிறையில் வேறுபடலாம் என்பது புலப்பட்டபோது, 1913இல் பிரெடரிக் சாடி அவற்றுக்கு ஐசோடோப்பு எனப் பெயரிட்டார்; அப்பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்னும் மருத்துவர். கிரேக்கத்தில் அதற்கு ‘ஒரே இடம்’ என்று பொருள். தனிம அட்டவணையில் இவை ஒரே கட்டத்தில் அமர்வன. தமிழில் ஓரிடத்தான் என்று ஆக்கியவர் அக்கருத்தை ஒரு சிறிதும் சிந்தாமல் கொண்டுவந்துவிட்டார். கலைச்சொல்லாக்கத்தில் இத்தகைய வெற்றி அரிது.

கரிமத்துக்கு நிலையான ஓரிடத்தான்கள் இரண்டு. நூறு கரிம அணுக்களில் ஏறத்தாழ 99 நிறை 12 உடையன. ஏறத்தாழ ஒன்று நிறை 13 உடையது. கதிர்வீச்சு எதுவும் இவற்றிடம் இல்லை. கனம் சற்று வேறுபடும், அவ்வளவே. இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை ஈர்க்கும்போது, இலேசான அணுவை முந்தி ஏற்றுக்கொள்கிறது. அதனால் தாவர உடலில் கனத்த கரிமம் சிறிது குறைந்து காணப்படும். எவ்வளவு குறையும் என்பது தாவரத்தின் வகையையும், கரிமம் கிடைக்கும் வழியையும் பொறுத்தது. காற்றை உண்ணும் மரத்துக்கு ஓர் அளவு. கடல்நீரில் கரைந்துள்ளதை உண்ணும் பாசிக்கு வேறோர் அளவு. அமெரிக்கக் கரோலினாவின் பீடீ என்னுமிடத்துத் தொல்படிவச் சுண்ணாம்பை அளவுகோலாக வைத்து, அதனினும் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு குறைவு என்று கூறுவது மரபு; குறைவாதலால் எண்ணின்முன் கழித்தற்குறி இடுவர். நிறை நிறமாலைமானி என்னும் கருவி இவ்வேறுபாட்டைப் பத்தில் ஒரு பங்கு வரை காட்டவல்லது.

1978இல் டெநீரோ, எப்ஸ்டீன் என்னும் இருவர் பூச்சிகளையும் எலிகளையும் அளவறிந்த உணவிட்டு வளர்த்து, விலங்கின் உடற்கரிமம் அதன் உணவின் அளவிலிருந்து மிகச் சிறிதே, ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்றே, வேறுபடுகிறது என்று நிறுவினர். உண்டதுதான் உடல் என்பது நாட்டு வழக்கில் எந்நாளும் உள்ள பேச்சு. இப்போது அது எண்ணாயிற்று. அதற்குச் சற்று முன்பே ஈவ்லின் ஹெய்ன்ஸ் என்னும் அம்மையார், டீல் ஆராய்ந்த அதே ஜார்ஜியச் சதுப்புகளில் இக்கருவியைப் பயன்படுத்திப் பார்த்து, நீரில் மிதக்கும் துகளின் கரிமம் சதுப்புப் புல்லை ஒத்திருக்கவில்லை என்று கண்டார். அழகிய சங்கிலியின் முதற்கண்ணி அங்கேயே தளர்ந்தது. கண்டற்காட்டிலும் அவ்வாறுதானா?

இவ்விடத்தில் கதை நம் கரைக்குத் திரும்புகிறது. ரோட் தீவுப் பல்கலைக்கழகக் கடலியலாளர் நெல்சன் மார்ஷலும், சசேகுமாரும், ரோடெல்லி, கியரிங் இணையர் ஆகியோரும் இணைந்து மலேசியக் கண்டற்கரையிலும் அதை அடுத்த கடலிலும் தாவரத்தையும் விலங்கையும் திரட்டி அளந்தனர். ஆய்வு 1984இல் வெளிவந்தது. வெப்பமண்டலக் கண்டலில் கரிம ஓரிடத்தானைக் கொண்டு உணவுவலையை ஆராய்ந்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று அது. அதன் எண்களைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கண்டல் மரங்களின் சராசரி −27.1. மிதவைப் பாசியின் சராசரி −21.0. சேற்றிலும் வேரிலும் படரும் ஏனைய பாசிகளும் அவற்றோடு கலந்துள்ள பொருள்களும் −18.7. மூன்று விளைச்சல்களும் மூன்று தனித்தனி வரம்புகளில் நின்றன. இதுவே பெரும் பேறு, ஏனெனில் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் ஆய்வு அங்கேயே நின்றிருக்கும். அடுத்து விலங்குகள். கண்டற்சேற்றின் உள்ளேயே பிடித்த உயிரினங்களில் −28.6 முதல் −15.4 வரை எல்லா எண்களும் வந்தன. இலையையே முதன்மையாக உண்டு இலையாகவே ஆனவையும் உண்டு. பக்கத்திலேயே வாழ்ந்தும் இலையைத் தீண்டாமல் பாசியை நம்பியவையும் உண்டு. இலைதின்னும் சேற்றுநண்டுகளின் வயிற்றை லேயும் சசேகுமாரும் பின்னர் ஆராய்ந்து 1985இல் எழுதியதும் முதல்வகைக்குச் சான்றாயிற்று. நீரை வடிகட்டி உண்ணும் இருவோட்டு உயிரிகளோ, நாம் சந்தையில் கெராங் என்று வாங்கும் சிப்பியின் உறவினர் அனைத்தும், மிதவைப் பாசியின் எண்ணையே காட்டின. ஓடைகளிலும் கழிகளிலும் கண்டற்கரிமத்தின் சாயல் இருந்தது. கரையிலிருந்து 2 முதல் 18 கிலோமீட்டர் தொலைவில் பிடித்த மீனிலும் இறாலிலும் அதன் சுவடே காணப்படவில்லை.

சுவடே இல்லை என்பதை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். இழுவலையில் சிக்கிச் சந்தைக்கு வரும் இறாலின் பெரும்பகுதி அத்தொலைவிலிருந்துதான் வருகிறது. ‘இலை கடலுக்குள் சென்று மீனாகிறது’ என்ற வாதத்தைத் தாங்கி நின்ற தூண், கண்டலை நேசித்தவர்களின் கையாலேயே பெயர்க்கப்பட்டது. அவர்கள் அதை மறைக்கவில்லை, வெளியிட்டார்கள். பிற்காலத்தில் பலர் இக்கட்டுரையைக் குறிப்பிடும்போது, ‘கண்டற்கரிமம் ஓடைகளில் உண்ணப்படுகிறது’ என்னும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கடல்பற்றிய பாதியை விட்டுவிட்டதுண்டு. நற்செயலுக்காகச் செய்யும் சிறு மறைப்பு என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். எனக்கு அது உடன்பாடில்லை. அரைகுறை வாதம் எதிர்த்தரப்பின் கூர்மையான ஒரு கேள்விக்கு முன் நிற்காது; அன்று வாதம் மட்டுமன்றிக் காடும் சேர்ந்து விழும்.

ஆனால் 1984இன் விடையும் முழுமையானதன்று. ஒற்றை எண் ஏமாற்றவும் கூடும். உணவில் மூன்றில் ஒரு பங்கை இலையிலிருந்தும், இரு பங்கைச் சேற்றுப் பாசியிலிருந்தும் பெறும் ஓர் உயிரைக் கற்பனை செய்க. கணக்கிட்டால் அவ்வுணவின் சராசரி −21.5 வரும். மிதவைப் பாசியின் எண்ணோ −21.0. கருவி இவ்விரண்டையும் ஒன்றென்றே காணும். இலையை உண்டதும் உண்ணாததும் ஒரே முகத்துடன் நிற்கும். இக்குறையை அறிந்தே ஆய்வாளர் இரண்டாவது சாட்சியை அழைத்தனர். நைட்ரசனிலும் கனத்தது, இலேசானது என இரண்டுண்டு. உணவுச்சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் கனத்த நைட்ரசன் ஆயிரத்துக்கு மூன்று, நான்கு என்று கூடுகிறது. எனவே கரிமம் ‘எந்த வயலில் விளைந்தது’ என்று கூறினால், நைட்ரசன் ‘எத்தனை கைமாறி வந்தது’ என்று கூறும்.

நியூவெல், மார்ஷல், சசேகுமார், சோங் ஆகிய நால்வரும் 1995இல் சேற்று நுண்பாசி, மிதவைப் பாசி, கண்டல் மூன்றின் பங்கையும் எடைபோட்ட ஆய்வு வந்தது. தராசு பாசிகளின் பக்கமே தாழ்ந்தது. 2001இல் சோங்கும் உடன்பணியாளரும் மாத்தாங் காட்டில் இரு தனிமங்களையும் கொண்டு இளம் இறாலை ஆராய்ந்தபோது படம் மேலும் தெளிவாயிற்று: கழியின் உட்பகுதியில், காட்டின் நடுவில் வளரும் இறாற்குஞ்சின் உடலில் கண்டலின் பங்கு பெரிது; கழிமுகத்தை நோக்கி வர வர அது குறைகிறது; கடலில் பாசியே ஆள்கிறது. ஆகவே, ‘உண்கிறதா, இல்லையா’ என்று கேட்டதே கேள்வியின் பிழை. எந்த வயதில், எந்த இடத்தில் என்று கேட்டிருக்க வேண்டும். ஸ்டீவன் புயோன், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் ராமன் முதலியோர் கோதாவரிக் கழிமுகத்துக் கோரிங்காவிலும் இலங்கைக் கண்டல்களிலும் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வும், காட்டுத் தரையில் வாழும் உயிரினங்களே பலவும் இலையைப் பெரிதும் நம்பியிருக்கவில்லை என்று காட்டிற்று. வங்கக்கடலின் இருபுறத்திலும் சேறு ஒரே மொழியைப் பேசியது.

அப்படியானால் இறால் ஏன் காட்டுக்குள் வருகிறது? வருகிறது என்பதில் ஐயமில்லை. சிலாங்கூர்க் கரையின் கண்டல் ஓடைகளிலும் அங்சா மணற்றிட்டை ஒட்டிய சேற்றிலும் சோங், சசேகுமார் குழுவினர் வலைவீசி நூற்றுக்கும் மேற்பட்ட மீனினங்களைப் பதிவுசெய்தனர். அவற்றுள் மிகப் பெரும்பாலான உருப்படிகள் குஞ்சுகள். ஆழமற்ற கலங்கல் நீரும் பின்னிய வேர்களும் பெருமீனின் கண்ணுக்கும் வாய்க்கும் தடை. கரையோரச் சேற்றில் பாசி உணவுக்குக் குறைவில்லை. காடு அவற்றுக்கு உணவறையாக இருப்பதினும் தொட்டிலாக இருப்பதே பெரிது. தொட்டில் என்னும் வாதம் இலை என்னும் வாதத்தைவிட நுட்பமானது. எவ்வளவு பரப்பு போனால் எவ்வளவு இறால் குறையும் என்று அதைக்கொண்டு எளிதில் பெருக்கிக் காட்ட முடியாது. ஆனால் அது மெய். இலை எங்கே போயிற்று என்ற கேள்விக்கும் பின்னர் ஒரு விடை கிடைத்தது. பெரும்பகுதி எங்கும் போகவில்லை. நண்டு இழுத்துப் புதைத்தும், வேர் மடிந்தும், காலடிச் சேற்றிலேயே கிடக்கிறது. இந்தோ-பசிபிக் கண்டல்களில் ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக 1,000 டன்னுக்கு மேல் கரிமம் சேர்ந்திருப்பதாக டொனாட்டோ குழுவினர் 2011இல் அறிவித்தனர். கடலை ஊட்டாத இலை வானைக் காத்து நிற்கிறது.

இந்நுட்பங்கள் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்திகளல்ல. முன்னர் லுமுட் தீவு எனப்பட்ட இண்டாத் தீவில் 1990களில் மேற்குத் துறைமுகம் எழுந்தபோது கண்டல் கரைந்தது. கேரித் தீவில் ஒரு பெருந்துறைமுகம் அமைக்கும் திட்டம் 2017 முதல் பேசப்பட்டு, ஒதுங்கியும் தலைதூக்கியும் வருகிறது. இத்தகைய திட்டங்களின் சூழல் மதிப்பீட்டில் ‘இக்காட்டின் இலை எத்தனை டன் மீனாகும்’ என்று கணக்கிடுவதா, ‘இவ்வோடைகளில் எவ்வினக் குஞ்சுகள் எத்தனை வாரம் தங்குகின்றன’ என்று கணக்கிடுவதா என்பது, எந்த ஓடையைத் தூர்க்கலாம் எந்த ஓடையைத் தொடக்கூடாது என்ற முடிவையே மாற்றிவிடும்.

இனம் என்ற சொல்லை மேலே எளிதாகச் சொல்லிவிட்டேன். ஓரிடத்தான், உடல் எதனால் ஆனது என்று சொல்லும்; அது யாருடைய உடல் என்று சொல்லாது. சீட்டில் எழுதிய பெயரை நம்பியே ஒவ்வோர் எண்ணும் அட்டவணையில் ஏறுகிறது. அப்பெயர் பிழையானால்? இக்கரையின் மிகப் புகழ்பெற்ற உயிரிக்கே அது நேர்ந்தது. கிள்ளான் துறைமுகத்தை அடுத்து நண்டின் பெயரிலேயே ஒரு தீவு உள்ளது, புலாவ் கெத்தாம். அங்கும் கேரித் தீவிலும் விருந்தினர் தேடிச் சென்று உண்ணும் பெரிய சேற்றுநண்டை, உலகம் நெடுங்காலம் ஸ்கில்லா செரேட்டா என்னும் ஒற்றை இனமாகவே எண்ணிற்று.

அப்பெயருக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் தமிழ்நாட்டுக் கடற்கரை ஒன்றும் இடம்பெறுகிறது. செங்கடற் பயணத்தில் உயிர்நீத்த ஃபோர்ஸ்கோலின் குறிப்புகளிலிருந்து 1775இல் வெளியான நூலில் செரேட்டா என்னும் பெயர் பிறந்தது. 1798இல் டேனிய அறிஞர் ஃபாப்ரீசியஸ், டேனியரின் குடியேற்றமாக இருந்த தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த நண்டுக்கு அவ்வூரின் ஐரோப்பியப் பெயரான டிராங்க்பாரைக் கொண்டு டிராங்க்பாரிக்கா என்று பெயரிட்டார். தரங்கம்பாடி மீனவர் பிடித்த நண்டு இலத்தீன் உடுத்து உலக அட்டவணையில் ஏறியது. 1949இல் பிலிப்பீன்ஸின் எஸ்தம்பதோர் என்னும் ஆய்வாளர், தம் நாட்டு மீனவர் சேற்றுநண்டுகளை வெவ்வேறு பெயரிட்டுப் பிரித்தறிவதைக் கருத்திற்கொண்டு, இவை ஓரினம் அல்ல, பலவினம் என்று எழுதினார். 1960இல் ஸ்டீஃபன்சனும் கேம்பலும் அதை மறுத்து எல்லாவற்றையும் செரேட்டாவுக்குள் அடக்கினர். நிறமும் முள்ளும் இடத்துக்கிடம் மாறும் சிறு வேறுபாடுகளே என்பது அவர்கள் கருத்து. தரங்கம்பாடியின் பெயர் மறைந்தது. மீனவர் சொல் மீனவர் சொல்லாகவே நின்றது.

நாற்பதாண்டு கழிந்து, 1998இல் கீனன், டேவி, மான் ஆகியோர் செங்கடலிலிருந்து ஆஸ்திரேலியா வரை நண்டுகளைத் திரட்டி, புரத வேறுபாடுகளையும் மரபணு வரிசையையும் உடலமைப்போடு ஒப்பிட்டனர். இரண்டு இனங்கள் ஒரே கழியில் கலந்து வாழ்ந்தும் தம்முள் கலப்பின்றி இருந்தால், அவற்றின் மரபணுக்களில் இடைநிலை வடிவங்கள் அரிதாகும். அதுவே கண்டறியப்பட்டது. நான்கு இனங்கள் வெளிப்பட்டன: செரேட்டா, டிராங்க்பாரிக்கா, பாராமாமொசாயின், ஒலிவேசியா. தரங்கம்பாடி அட்டவணைக்கு மீண்டது. பிலிப்பீன்ஸ் மீனவர் பார்வையும் பெரிதும் மெய்யாயிற்று. மலேசியக் கண்டல்களில் மிகுதியாகக் கிடைப்பது ஒலிவேசியா என்பதும் தெளிவாயிற்று.

இதன் விளைவு பெயர்ப்பலகையோடு முடியவில்லை. 1998க்கு முன் தென்கிழக்காசியாவில் ‘செரேட்டா’ என்ற தலைப்பில் எழுதப்பட்ட வளர்ச்சிக் கணக்கு, இனப்பெருக்கப் பருவம், உணவு, உவர்ப்புத் தாங்கும் திறன் அனைத்தும் ஐயத்துக்குள்ளாயின. எந்த இனத்தை அளந்தார் என்று இன்று யார் சொல்வது? திறந்த கடலை ஒட்டிய, உவர்ப்பு மிகுந்த கண்டலை விரும்பும் செரேட்டா பெரிதாக வளர்வது. ஒலிவேசியா அதனினும் சிறிய உருவத்திலேயே முதிர்வது; சேற்றில் வளைதோண்டி வாழும் இயல்பு மிகுந்தது. முன்னதற்கு வகுத்த குறைந்தபட்ச அளவைப் பின்னதற்கும் பொருத்தினால், வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் பயனில்லாத சட்டமே மிஞ்சும். குஞ்சு பொரிப்பகங்களிலும் அதே சிக்கல்: தாயின் இனம் தெரியாமல் உவர்ப்பும் வெப்பமும் எவ்வாறு வகுப்பது? ஓரிடத்தான் ஆய்விலும், ஒரே பெயரில் இரு இனங்கள் கலந்திருந்தால், ஒன்று சிப்பி உண்பதும் மற்றொன்று வேறு உண்பதும் சேர்ந்து, எந்த நண்டும் உண்ணாத ஒரு சராசரி உணவைக் காட்டிவிடும். ஆகவே இன்று இத்துறையில் முதலில் மரபணுவால் பெயரை உறுதிசெய்து, பிறகே தசையை நிறை நிறமாலைமானிக்கு அனுப்பும் வழக்கம் பரவியுள்ளது.

மரபணு ஆய்வுக்கூடம் பள்ளிகளில் இல்லை. ஆயினும் 1998இன் கட்டுரை, மரபணு பிரித்த நான்கையும் கண்ணால் அறியும் அடையாளங்களையும் தந்திருக்கிறது. கிள்ளான் சந்தையிலோ பந்திங் சந்தையிலோ கயிற்றால் கட்டிவைத்த சேற்றுநண்டைக் காணும் மாணவர் இரண்டிடங்களைப் பார்க்கலாம். முதலாவது, இரு கண்களுக்கும் இடையே உள்ள நெற்றி முட்கள்: அவை தாழ்ந்து, முனை உருண்டிருந்தால் ஒலிவேசியா எனலாம், உயர்ந்து நின்றால் மற்ற மூன்றில் ஒன்று. இரண்டாவது, பெருங்காலின் மணிக்கட்டு: வெளிப்புறத்தில் தெளிவான இரு முட்கள் இருந்தால் செரேட்டாவாகவோ டிராங்க்பாரிக்காவாகவோ இருக்கலாம், முள் தேய்ந்து ஒரு சிறு குமிழாகவே நின்றால் ஒலிவேசியாவாகவோ பாராமாமொசாயினாகவோ இருக்கலாம். செரேட்டாவாயின் கால்கள் அனைத்திலும் பலகோண வலைப்பின்னல் போன்ற கோலம் தெரியும். கயிற்றை அவிழ்க்காமல் பார்ப்பது விரலுக்கு நல்லது.